பெரியப்பா அனுப்பும் ஃபார்வர்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா தினமும் ஏதாவது ஒரு புரளியை அனுப்புகிறார். திருத்தினால் கோபம் வருகிறது. பேசாமல் இருந்தால் மற்றவர்கள் நம்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், நான் செய்ததைச் செய்யாதீர்கள். எங்கள் குழுவில் மாமா ஒருவர், இன்று நள்ளிரவு விண்வெளிக் கதிர்கள் பூமிக்கு அருகில் வருகின்றன, செல்போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று ஒரு செய்தி போட்டார். நான் உடனே எல்லாரும் பார்க்கும்படி, "இது பல வருஷமாகச் சுற்றும் புரளி மாமா" என்று ஆதாரத்தோடு எழுதினேன். குழுவில் சத்தமே இல்லை. பத்து நிமிஷம் கழித்து அத்தை ஒரு ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார், இரவு ஒன்பதரை மணிக்கு. மாமா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் புரளி மட்டும் அடுத்த வருஷமும் தவறாமல் வந்தது.

அப்புறம்தான் புரிந்தது, மாமாவுக்குக் கதிர்கள் முக்கியமில்லை, நாற்பது பேர் முன்னால் தன்னை ஒரு பொடிப்பயல் திருத்தியதுதான் முக்கியம். அதனால் பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு போன் போடுங்கள். "இது உங்களுக்கு யார் அனுப்பியது பெரியப்பா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இன்னொரு குழுவாகத்தான் இருக்கும், அங்கே அனுப்பியவருக்கும் அது இன்னொரு குழுவிலிருந்து வந்திருக்கும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம், அதையும் அவரிடம் காட்டுங்கள். அப்படி வருவதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அதன்பின் இந்த மாதிரிச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. ஆளைத் திருத்தவில்லை, ஒரு விரல் வேலையைக் கூட்டினார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. 2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆக 70 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது. அந்த வித்தியாசத்துக்குத் தானியங்கிக் கணக்குகளைக் குறை சொல்ல முடியாது, மனிதர்கள்தான் காரணம் என்பதுதான் அதில் வருத்தமான பகுதி. பொய்யில் எப்போதும் ஒரு புதுசு இருக்கிறது. பெரியப்பாவுக்கும் யாருக்கும் தெரியாத ஒன்றை முதலில் சொன்ன சந்தோஷம்தான் வேண்டியிருக்கிறது, அவரைத் திட்டாதீர்கள்.

கேள்வி: சிரிப்புப் பொம்மையைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், 1982 செப்டம்பர் 19. காரணம்தான் சுவாரஸ்யம். லிஃப்டுக்குள் பாதரசம் சிந்தியிருக்கிறது என்று பல்கலைக்கழகக் கணினிகளில் எல்லாரும் படிக்கும் அறிவிப்புப் பலகையில் ஒருவர் விளையாட்டுக்கு எழுத, சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். இனிமேல் ஜோக் என்றால் ஓர் இரட்டைப்புள்ளி, ஒரு சிறு கோடு, ஓர் அடைப்புக்குறி போடலாமே என்றார் ஃபால்மன். பக்கவாட்டில் பார்த்தால் சிரித்த முகம். கோபத்தோடு அனுப்பும் செய்திக்குப் பின்னாலும் அதை ஒட்டுவது நாம் பின்னால் கண்டுபிடித்தது.

கேள்வி: இணையக் குழுக்களால் அரசியலில் நிஜமாகவே ஏதாவது மாறுகிறதா? வெறும் கூச்சல்தானே?

பதில்: கூச்சல்தான் நிறைய. ஆனால் 2012 ஜனவரி 18-ஐ மறக்க முடியவில்லை. இணையத் திருட்டைத் தடுக்கிறோம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் இருந்தன, தளங்களையே முடக்கும் அளவுக்கு அதிகாரம் போய்விடும் என்று எதிர்ப்பு. ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன் பக்கங்களை இருட்டாக்கியது. அந்த அறிவிப்பை 16 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், சுமார் 80 லட்சம் பேர் தங்கள் பகுதி உறுப்பினர் யார் என்று அதிலேயே தேடினார்கள், இரண்டே நாளில் மசோதாக்கள் ஒத்திவைக்கப்பட்டன. சரி, மூடலாம் என்று விவாதித்து முடிவெடுத்தவர்கள் எத்தனை பேர்? அதில் எழுதும் சுமார் 1,800 தன்னார்வலர்கள்!

இதன் மறுபக்கம் கேம்ஸ்டாப், வீடியோ கேம் விற்கும் அமெரிக்கக் கடை நிறுவனம். 2021 ஜனவரி தொடக்கத்தில் 17 டாலர் அளவில் இருந்த அதன் பங்கை ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் கூடிய சிறு முதலீட்டாளர்கள் ஏற்றிவிட, 28-ஆம் தேதி 483 டாலரைத் தொட்டது. பிப்ரவரியில் 50-க்கும் கீழே. விலை விழும் என்று பந்தயம் கட்டிய பெரிய நிதி நிறுவனங்கள் அடி வாங்கியதைக் கொண்டாடியவர்கள், உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்ட சின்ன ஆட்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. குழுவில் ஜெயித்தவன்தான் ஸ்கிரீன்ஷாட் போடுவான்.

கேள்வி: எட்டு வருஷமாகப் பல குழுக்களில் படிக்கிறேன், ஒரு வரி எழுதியதில்லை. நான் ஓசியில் அனுபவிக்கிறவளா?

பதில்: அப்படிப் பார்த்தால் உலகமே ஓசிதான். 2006-ல் இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். மேலே சொன்ன விக்கிப்பீடியா கதையிலும் இதேதான். ஆகவே "ஊரே இப்படி நினைக்கிறது" என்று ஒரு குழுவைப் பார்த்துத் தோன்றும்போது, அந்த ஒருவர் நினைப்பதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வரும். நீங்கள் பேசாமல் இருந்ததையும் அவர் சம்மதம் என்று கணக்கு வைத்திருப்பார்.

தினமும் எழுத வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நடுராத்திரியில் கணினி மக்கர் செய்கிறது, தேடுகிறீர்கள், ஒன்பது வருஷத்துக்கு முன் யாரோ அச்சு அசலாக உங்கள் பிரச்சினையைக் கேட்டிருக்கிறார், பதில் யாரும் சொல்லவில்லை, கீழே அவரே எழுதியிருக்கிறார்: "சரியாகிவிட்டது, நன்றி." எப்படிச் சரியானது என்று சொல்லவில்லை, பாவி. உங்களுக்கு எது சரியானாலும் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டுப் போங்கள்.