கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் திறனை எப்படிக் கூட்டுவது?

மீஞ்சூர், நெம்மேலி போன்ற நிலையங்களில் புதிதாகக் கட்டாமலே கூடுதல் தண்ணீர் எடுக்க முடியுமா, மின்செலவு குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பலரும் நினைப்பது போல சவ்வை, அதாவது உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் கடத்தும் மெல்லிய படலத்தை, மாற்றுவதில் தொடங்கக் கூடாது. சவ்வுக்கு வரும் தண்ணீரில் தொடங்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள், கரையோரக் கடல் கலங்கிக் கிடக்கும். அந்தச் சேறும் பாசியும் நுண்ணுயிர்களும் சவ்வில் படிந்தால், அதே தண்ணீருக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். அடிக்கடி நிறுத்தி ரசாயனத்தால் கழுவ வேண்டிவரும். ஒவ்வொரு கழுவலும் சவ்வின் ஆயுளைக் கொஞ்சம் தின்னும். அதனால் காற்றுக் குமிழிகளால் அழுக்கை மிதக்கவிட்டு வழித்தெடுப்பது, அதன்பின் நுண்வடிகட்டல் என்ற முன்சுத்திகரிப்புக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். குளோரின் சேர்த்திருந்தால் சவ்வுக்கு முன்பே நீக்கியாக வேண்டும், பாலியமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன சவ்வை அது அரித்துவிடும்.

அப்புறம் மின்சாரம். சவ்வுக்குள் கடல்நீரைத் தள்ள 55 முதல் 70 பார் அழுத்தம் வேண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உள்ளே போவதில் பாதிக்கும் மேல் உவர்நீராக, கிட்டத்தட்ட அதே அழுத்தத்தோடு வெளியேறுகிறது. அழுத்தப் பரிமாற்றி வைத்து அந்த அழுத்தத்தைப் புதிதாக வரும் கடல்நீருக்கு மாற்றினால், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட்டில் வேலை முடியும்.

சரி, பலன் தெரிகிறதா என்று பார்க்க வெறும் உற்பத்திக் கணக்கு போதாது. நீர் சூடானால் சவ்வு வழியாக எளிதாகப் பாயும், உப்பும் கூடக் கசியும். மே மாத அளவையும் டிசம்பர் அளவையும் ஒரே வெப்பநிலைக்குக் கணக்கிட்டே ஒப்பிடுங்கள்.