மதிலில் எந்தக் கதையைப் பதிப்பது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் முகப்பில் 12 அடி நீள மதில் இருக்கிறது. உடைந்த டைல்ஸ் துண்டுகளால் எங்கள் பகுதியின் வரலாற்றை அதில் மொசைக்காகப் பதிக்க விரும்புகிறோம். துறைமுகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல், டிராம், ஆடிவேல் தேர் எல்லாம் வர வேண்டும். எப்படித் தொடங்குவது?
– வாசகி, கொழும்பு 13

பதில்: ஆறையும் ஒரே மதிலில் திணிக்காதீர்கள், தங்கையே. ஒவ்வொன்றுக்கும் இரண்டடிதான் கிடைக்கும். அதற்குள் தேரைக் காட்டலாம். வடம் பிடிப்பவர்களின் முகத்தைக் காட்ட முடியாது.

என்னைக் கேட்டால் டிராமை எடுங்கள். 1899 முதல் 1960 வரை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு ஓடிய டிராம் அது. சிறுவயதில் அதில் ஏறியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒழுங்கையில் நாற்காலி போட்டு அமர்த்தி, யாருடைய கையைப் பிடித்து ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்று கேளுங்கள். கோயிலும் தேவாலயமும் அவர்கள் பேச்சிலேயே வந்து சேரும்.

வீட்டில் உடைந்து கிடப்பதைக் கொண்டுவரவும் சொல்லுங்கள். ஜிந்துப்பிட்டியில் நாங்கள் மதில் செய்தபோது, புறக்கோட்டையில் கைவண்டி இழுத்த நாட்டாமை (சுமை தூக்கும் தொழிலாளி) ஒருவரின் மகள், நீலக் கரை போட்ட பீங்கான் ஒன்றை இரண்டு துண்டாகக் கொண்டுவந்தார். அப்பா சாப்பிட்ட பீங்கான். அதன் விளிம்பு இயல்பாகவே வளைந்திருந்தது. குறட்டால் நறுக்கி வரிசையாக வைத்தோம். அதுவே கைவண்டியின் சக்கரமானது. இன்றும் அவர் அந்த வழியே போகும்போது சக்கரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறார்.

இனி வேலை. பழைய பெயின்றை, அடியிலுள்ள சிமெந்துப் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். கடற்காற்று படும் இடம், உப்புப் பூத்திருந்தால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். ஒட்டுவதற்கு டைல்ஸ் சிமெந்துப் பசைதான். மரம் ஒட்டும் வெள்ளைப் பசை வேண்டாம். எங்கள் முதல் மதிலில் அதைத்தான் பூசினோம். ஒக்டோபர் மழையில் ஒரு மீனவரின் முகம் முழுவதும் பெயர்ந்து விழுந்தது. அந்த வலி உங்களுக்கு வேண்டாம். துண்டுகளுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் விட்டு, பசை இறுகியபின் அந்த இடைவெளிகளை டைல்ஸ் இடைவெளிக்கான கலவையால் நிரப்பி, அது முற்றாகக் காயுமுன் ஈரப் பஞ்சால் துடையுங்கள். அனுபவமுள்ள மேசன் பாஸ் ஒருவரை முதல் நாள் அருகில் வைத்துக்கொண்டால் நல்லது. மதிலின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிள்ளைகள் மதிலில் கையை உரசிக்கொண்டே ஓடுவார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரம்வரை ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் சாணைக்கல்லில் தேய்த்து, உங்கள் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகே ஒட்டுங்கள்.