கடி சின்னதுதான், ஊசி இன்றே

கேள்வி: 11 வருடம் வளர்த்த எங்கள் நாய் மணி, சிறுநீரகம் பழுதாகி இரண்டு மாதம் முன் இறந்துபோனான். விடியற்காலையில் அவன் நகம் தரையில் படும் சத்தம் கேட்கிறது. கேட்டைத் திறந்தால் நெஞ்சு அடைக்கிறது. தூக்கம் வராமல் அக்காவின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்கிறேன். போன வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கிடந்த இரண்டு மாத நாய்க்குட்டியை எடுத்து வந்தேன். மணிக்குத் துரோகம் செய்கிறேனோ என்று தோன்றுகிறது. மூன்று நாள் முன் விளையாடும்போது குட்டியின் பல் பட்டு விரலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்து, டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.
வாசகி, கடலூர்

பதில்: வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பது புரிகிறது. சொன்னால் குட்டியைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பது ரேபீஸ் தடுப்பூசியை.

டி.டி. ஊசி டெட்டனஸைத் தடுக்கும், அவ்வளவுதான். ரேபீஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாய் கடித்தவர்கள் இதைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. குட்டிக்கு ரேபீஸ் வராது என்பதும் தவறு; ரேபீஸ் உள்ள தாயோ வேறு நாயோ கடித்திருந்தால் இரண்டு மாதக் குட்டிக்கும் வரும். மணி வருடா வருடம் ஊசி போட்ட நாய் என்றால், அவன் பல் பட்டபோது பயமில்லாமல் இருந்திருப்பீர்கள். தெருவிலிருந்து வந்த இந்தக் குட்டியின் கதை நமக்குத் தெரியாது.

ரத்தம் வந்தாலே அது மூன்றாம் வகைக் கடி, அதாவது ஆபத்து அதிகமான வகை. காயத்தின் அளவு கணக்கில் இல்லை. மஞ்சளைக் கழுவிவிட்டு, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு இன்றே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போய், ‘ரத்தம் வந்த கடி’ என்று சொல்லுங்கள். காயத்தைச் சுற்றிலும் உள்ளேயும் இம்யூனோகுளோபுலின் (ரேபீஸ் கிருமியை எதிர்க்கும் தயார்நிலை மருந்து) செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காப்பது அதுதான். மூன்று நாள் கடந்தாலும் பலன் உண்டு. முதல் தடுப்பூசியோடு சேர்த்தே போட்டுவிடுவது நல்லது. தடுப்பூசி தோலுக்குள் போடப்படும்: இரண்டு தோளிலும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஆட்டு மூளை ஊசி 2005-லேயே நின்றுபோனது. மீன், கறி, கத்திரிக்காய் தள்ளிவைக்கும் பத்தியமும் வேண்டாம். நோய்க்குறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

குட்டியை யாரும் விரட்டக் கூடாது. மருத்துவக் காரணமே இருக்கிறது: கடித்த நாளிலிருந்து 10 நாள் அது கண்ணெதிரே இருக்க வேண்டும். மூன்று போய்விட்டது, இன்னும் ஏழு. 10 நாளும் நன்றாக இருந்தால் உங்களுக்கு ரேபீஸ் வந்திருக்க வழியில்லை. 28-ஆம் நாள் ஊசியை விட்டுவிடலாமா என்று மருத்துவர் சொல்வார். தெருவில் விட்டுவிட்டால் இந்த விவரம் கிடைக்காது. இதை வீட்டாரிடம் அப்படியே சொல்லுங்கள். கூடவே, வேறு யாரையாவது அது கடித்ததா, புண்ணிலோ வாயிலோ நக்கியதா என்றும் கேளுங்கள். அவர்களும் உங்களோடு வர வேண்டும். குட்டியின் குரல் மாறினால், கீழ்த்தாடை தொங்கி எச்சில் வழிந்தால், தண்ணீரை விழுங்க முடியாமல் தவித்தால், இருட்டு மூலையில் போய்ப் பதுங்கினால், வாயில் கை வைத்துப் பார்க்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மற்றவை. விடியற்காலையில் கேட்கும் நகச் சத்தம் மனநோய் இல்லை. 11 வருடம் கேட்டுப் பழகிய காது அது, மெல்லக் குறையும். கேட்டைத் திறக்கும்போது மட்டும் வரும் நெஞ்சடைப்பு பெரும்பாலும் துக்கம்தான். படியேறும்போதும் வந்தாலோ, வியர்த்து இடது கைக்குப் பரவினாலோ உடனே இசிஜி எடுங்கள். அக்காவின் மாத்திரை அக்காவுக்கு எழுதியது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல வாரமாகப் போடுகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தாமல், ஊசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் காட்டிக் குறைக்கும் விதம் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், தமிழில் பேசலாம்.

துரோகம் எதுவும் இல்லை. மணியின் தட்டில் குட்டிக்குச் சோறு வைக்க மனம் வரவில்லை என்றால் வேறு தட்டு வாங்குங்கள். அந்த 10 நாள் முடிந்ததும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோய்களுக்கான ஊசியைத் தொடங்கி, மூன்று மாதம் நிறைந்தவுடன் ரேபீஸ் ஊசியும் போட்டுவிடுங்கள்.