பத்துப் பேர் எதற்கு?

கேள்வி: கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மழையில் மண் சரிந்து ஓர் அறையின் சுவர் விழுந்தது. உள்ளே தூங்கிய இஸ்ரேல்காரர் காயமில்லாமல் தப்பினார். "திங்கள் காலை ஹால் வேண்டும், பத்துப் பேர் வருவார்கள்" என்கிறார். என்ன பூஜை இது? நாங்களும் உட்காரலாமா?
- வாசகி, வட்டக்கானல்

பதில்: பூஜையெல்லாம் இல்லை, ஆபத்திலிருந்து தப்பிய யூதர் கடவுளுக்குச் சொல்லும் ஒரே வரி நன்றி. 'பிர்க்கத் ஹகோமேல்' என்பார்கள். கடல் கடந்தவர், பாலைவனம் கடந்தவர், நோய் தேறியவர், சிறை மீண்டவர் என நால்வர் இதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத். சங்கீதம் 107ஐப் புரட்டுங்கள், அந்த நால்வரும் இருப்பார்கள். சுவர் இடிந்து தப்பியவரையும் 16ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பான சுல்ஹான் அரூக் சேர்த்துக்கொண்டது. உங்கள் விருந்தாளி கதை அதேதான்.

திங்கள், வியாழன், சனி காலைத் தொழுகையில் தோரா (யூத வேதம்) வாசிப்பு உண்டு. வாசிப்புக்கு அழைக்கப்பட்டவர் தன் பங்கு முடிந்ததும் நின்றபடியே சொல்வார். மற்றவர்கள் ஆமேன் சொல்லி, 'உனக்கு நன்மை செய்தவர் இனியும் நன்மையே செய்யட்டும்' என வாழ்த்துவார்கள். தோராச் சுருள் கிடைக்காவிட்டாலும் சமாளிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைந்தால்தான் சிக்கல்: கடவுள் பெயரை விட்டுவிட்டுச் சொல்ல நேரும். பத்து என்பது அவரையும் சேர்த்து, 13 வயது நிறைந்த யூத ஆண்கள். சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் எண்ணுவார்கள். மூன்று நாளுக்குள் சொல்வது நல்லது, தள்ளிப்போனாலும் செல்லும்.

நீங்கள் தாராளமாக உட்காரலாம், கணக்கில் வரமாட்டீர்கள், அவ்வளவுதான். எருசலேம் பக்கம் நின்று ஜெபிப்பார்கள். நம் மலையிலிருந்து அது வடமேற்கு. அந்தப் பக்கம் நாற்காலி, டிவி இல்லாமல் ஒதுக்கிக் கொடுங்கள். உபசரிக்க ஆசையா? வெட்டாத பேரிக்காய், மலைவாழை, பேப்பர் தட்டு போதும். உங்கள் கத்தியில் நறுக்கிய பழத்தை, கோஷர் (யூத உணவு விதி) பார்ப்பவர்கள் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

கேள்வி: ரோடு அடைபட்டு மூன்று நாள் மலையில் சிக்கிக்கொண்ட யூதப் பயணிகளும் இதைச் சொல்வார்களா?
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: பொதுவாக மாட்டார்கள். ஆபத்து அவரவர் தலைக்கு வந்திருக்க வேண்டும். பெருமாள்மலையில் பஸ்ஸுக்குள் முடங்கிக் கிடந்தது அலைச்சல், ஆபத்து இல்லை. சரிவு அந்த பஸ்ஸையே தள்ளியிருந்தால் பேச்சு வேறு. அப்போது ஒருவர் எல்லோருக்குமாகச் சொல்ல, மற்றவர்கள் தமக்கும் என்று நினைத்துக் கேட்டு ஆமேன் சொன்னாலே போதும்.

சிக்கியவர்கள் சொல்லியிருக்கக்கூடியது இடிக்கான ஆசீர். 'அவர் வல்லமை உலகை நிறைக்கிறது' என்ற அந்த வரி நிலநடுக்கத்துக்கும் பொருந்தும். பத்துப் பேர் தேவையில்லை, ஆனால் சத்தம் கேட்ட இரண்டு மூன்று விநாடிக்குள் சொல்லிவிட வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தால் போயிற்று, அடுத்த இடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு தடவை சொன்னவர் அன்றைக்கே மறுபடி சொல்ல, நடுவில் வானம் முழுக்க வெளுத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் கொடைக்கானலில் அது எங்கே நடக்கிறது!