இயங்கும் மரபணுவிலும் நியூக்ளியோசோம் ஏணி தெரிவது ஏன்?

கேள்வி: செல் கல்ச்சரில் நன்றாகப் படியெடுக்கப்படும் (ஆர்என்ஏவாக நகலெடுக்கப்படும்) ஒரு மரபணுவை மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற டிஎன்ஏ வெட்டும் நொதி கொண்டு வெட்டி, அதன் நடுப்பகுதிக்கு ப்ரோப் (அந்த வரிசையில் மட்டும் ஒட்டும் குறியிட்ட டிஎன்ஏ துண்டு) போட்டு சதர்ன் பிளாட் (துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) பார்த்தேன். டிஎன்ஏ பொட்டலம் பிரிந்திருக்கும், வெறும் கலங்கலாக வரும் என்று நினைத்தால் ஏணிப் பட்டைகள் தெரிகின்றன. எங்கே பிசகினேன்?

பதில்: பெரும்பாலும் நீங்கள் பிசகவில்லை. ஒரு பக்கம் இறுகிய கண்டு, மறுபக்கம் முழுக்க அவிழ்ந்த நூல் என்று பாடப்புத்தகத்தில் போடும் படம்தான் நம்மை ஏமாற்றுகிறது.

ஒரு நியூக்ளியோசோமில் எட்டு ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி 147 கார இணை நீள டிஎன்ஏ, ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றியிருக்கிறது. நீங்கள் போட்ட நொதி நியூக்ளியோசோம்களுக்கு இடையில் வெட்டுவதால், துண்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று நியூக்ளியோசோம் நீளத்தில் ஏணிப் பட்டைகளாக வரும். படியெடுப்பு தொடங்கும்போது காலியாவது முக்கியமாகப் புரோமோட்டர் பகுதிதான், அதாவது படியெடுப்பு தொடங்கும் இடத்தை ஒட்டிய டிஎன்ஏ. அங்கே வந்து உட்கார்ந்து மரபணுவை இயக்கிவைக்கும் ஆக்டிவேட்டர் புரதம், அசிடைல் என்ற சிறு வேதித்தொகுதியை ஏற்றும் நொதியைக் கூட்டிவருகிறது. ஹிஸ்டோன் வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிடைல் ஏறினால் அதன் நேர்மின்னூட்டம் போய்விடும். எதிர்மின்னூட்டம் உள்ள டிஎன்ஏ மீது பிடி தளரும். ஆனால் தளர்ந்தால் மட்டும் போதாது. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து நியூக்ளியோசோமை நகர்த்தவோ பிடுங்கவோ எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் போன்ற புரதக் கூட்டமும் வேண்டும்.

மரபணுவின் உடல்பகுதியில் கதை வேறு. படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் முன்னேற முன்னேற டிஎன்ஏ ஹிஸ்டோனிலிருந்து உரிகிறது. பல நேரங்களில் எட்டு ஹிஸ்டோன்களில் எச்2ஏ-எச்2பி ஜோடி ஒன்று மட்டும் கழன்றுகொள்ளும், மீதி ஆறும் விடாது. ஃபேக்ட் என்ற புரதம் அவற்றைச் சிதறாமல் பிடித்துக்கொள்ள, பாலிமரேஸ் கடந்ததுமே சுற்று திரும்பிவிடுகிறது. இந்த மறுகட்டு வெறும் ஒழுங்குக்காக இல்லை. ஈஸ்டில் அதற்கு உதவும் செட்2 நொதியை நீக்கினால், படியெடுப்பு மரபணுவின் நடுவிலிருந்தே கண்டபடி தொடங்கிவிடும்!

போதாததற்கு, பல மரபணுக்கள் விட்டுவிட்டுத்தான் படியெடுக்கப்படுகின்றன. நீங்கள் செல்களை அறுவடை செய்த நொடியில் அந்த மரபணுவின் பல பிரதிகள் சும்மா இருந்திருக்கும். விதிவிலக்கும் உண்டு. வெப்ப அதிர்ச்சி தந்த பழ ஈயின் எச்எஸ்பி70 மரபணுவில் ஓரிரு நிமிடங்களுக்குள் நியூக்ளியோசோம்கள் பெருமளவு காணாமல் போகின்றன.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அதே பிளாட்டைக் கழுவிவிட்டுப் புரோமோட்டருக்கு ப்ரோப் போடுங்கள். நொதியின் அளவை மூன்று நான்கு படிகளில் ஏற்றி, இயங்காத ஒரு மரபணுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இயங்கும் மரபணுவின் ஏணி சீக்கிரம் கரையும், பட்டைகளும் மங்கும். ஹிஸ்டோன் நீக்கிய வெறும் டிஎன்ஏவையும் ஒரு குழாயில் வெட்டி வையுங்கள். இந்த நொதிக்கு ஏ-டி நிறைந்த இடங்கள் என்றால் தனிப் பிரியம். அந்த வெட்டைத் திறந்த குரோமாட்டின் (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்த பொட்டலம்) என்று எண்ணிவிடக் கூடாது.