எவரெஸ்ட் அந்த மலையைப் பார்த்தாரா? மலைப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: எவரெஸ்ட் என்பவர்தான் அந்தச் சிகரத்தைக் கண்டுபிடித்தவரா? மகளின் பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிறேன்.

பதில்: இல்லைங்க. ஜார்ஜ் எவரெஸ்ட் 1830 முதல் 1843 வரை இந்தியாவின் தலைமை நில அளவையாளர். அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, 1849–50இல்தான் சிகரத்தை அளந்தார்கள். அன்றைக்கு அதற்குப் பெயர் வெறும் ‘15ஆம் சிகரம்’. அடுத்து பதவிக்கு வந்த ஆண்ட்ரூ வா 1856இல் உயரத்தை அறிவித்து, முன்னவரின் பெயரை முன்மொழிந்தார். உள்ளூர்ப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்றார். நேபாளமும் திபெத்தும் அளவையாளர்களை உள்ளே விடாத காலம் அது. ஆனால் சோமோலுங்மா என்ற திபெத்தியப் பெயர் 1733இலேயே பிரெஞ்சு வரைபடத்தில் ஏறியிருந்தது. எவரெஸ்ட்டே 1857இல் மறுப்புச் சொன்னார்: தன் பெயரை இந்தியில் எழுத முடியாது, இந்த நாட்டு மக்கள் வாயில் நுழையாது என்றார். இருந்தும் 1865இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் அதையே ஏற்றது. அவர் தம் பெயரை உச்சரித்தது ‘ஈவ்ரெஸ்ட்’ என்று. மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கிட்டப் போகாமல் உயரத்தை எப்படிச் சொன்னார்கள், சார்?

பதில்: பீகார் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து, 170 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து, கோணம் அளக்கும் தியோடலைட் கருவியில் உச்சியைக் குறிபார்த்தார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும், இரண்டிலிருந்தும் உச்சிக்கான கிடைக்கோணமும் தெரிந்தால் முக்கோணம் முடிந்தது, மலைக்கு உள்ள தூரம் கிடைத்துவிடும். பிறகு செங்குத்துக் கோணத்தை வைத்து உயரம்.

சிக்கல் இனிமேல்தான். பூமியின் வளைவைக் கணக்கிட, தூரத்தின் வர்க்கத்தைப் பூமியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். 170 × 170 ÷ 12,742 = 2.27. அதாவது மலை 2,270 மீட்டர் கீழே இறங்கித் தெரியும்! அடுத்தது ஒளிவிலகல். காற்றில் வளைந்து வரும் ஒளி உச்சியை மேலே தூக்கிக் காட்டும். தோராயமாக வளைவுத் திருத்தத்தில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்தால் 320 மீட்டர். இது வெப்பநிலையோடும் காற்றழுத்தத்தோடும் மாறுகிற எண். இதில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் உயரத்தில் 30 மீட்டர் போச்சு. போதாக்குறைக்கு இமயத்தின் நிறை, கருவியை மட்டம் பார்க்கும் தூக்குக் குண்டையே தன் பக்கம் இழுக்கும்.

இத்தனையும் இருந்தும் அவர்கள் சொன்னது 29,002 அடி, அதாவது சுமார் 8,840 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86. வித்தியாசம் 9 மீட்டர்தான். இப்படி முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்த அந்தச் சங்கிலியின் முதல் அடிக்கோடு (தரையில் நேராக அளந்த தூரம்) 1802இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அளந்தது என்பது சென்னைக்காரர்களுக்குப் பெருமை.

கேள்வி: அப்படியானால் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் பெயரை அல்லவா வைத்திருக்க வேண்டும்?

பதில்: நியாயமான ஆதங்கம். கல்கத்தாவில் தலைமைக் கணக்கர் அவர், கணக்கின் மூளை அவர்தான். ஆனால் ஒருநாள் ஓடிவந்து “கண்டுபிடித்துவிட்டேன்” என்றார் என்ற கதையை நம்பாதீர்கள். அளந்தவர்கள் வேறு, கணக்கு முடியச் சில ஆண்டுகள் ஆயின. பெயர் வைக்கும் அதிகாரம் மேலதிகாரியிடம் இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: அமெரிக்காவின் மவுண்ட் ரெய்னியருக்கும் திருகோணமலைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: ஆளுக்கு உண்டு, மலைக்கு இல்லை. 1792இல் கப்பலில் வந்த ஜார்ஜ் வான்கூவர் தம் நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரைச் சூட்டினார். அந்த ரெய்னியர்தான் 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. தம் பெயர் கொண்ட மலையை அவர் பார்த்ததே இல்லை. அங்குள்ள பழங்குடிகள் அதை தகோமா என்றே அழைத்துவந்தார்கள்.

கேள்வி: அமெரிக்காவின் அலாஸ்காவில் உள்ள மலைக்குப் பெயர் தெனாலியா, மெக்கின்லியா? எதை எழுதுவது?

பதில்: ஆண்டைப் பார்த்து எழுதுங்கள். 1917இல் அமெரிக்கக் கூட்டரசு மெக்கின்லி ஆக்கியது, 2015இல் தெனாலி ஆனது, 2025இல் மறுபடி மெக்கின்லி. தேசியப் பூங்காவின் பெயர் மட்டும் தெனாலியாகவே நிற்கிறது. அந்தமானிலும் இப்படித்தான், மவுண்ட் ஹாரியட் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர்.

கேள்வி: எங்கள் ஊர்க் குன்றுக்கு ஒரு துரையின் பெயர் இருக்கிறது. பழைய பெயரை எப்படித் தேடுவது, ஐயா?

பதில்: முதலில் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத் தாளை எடுங்கள். குன்றின் மேல் சிறு முக்கோணமும் உயரமும் இருந்தால் அது அளவை நிலையம். அதே இடத்தைப் பழைய ‘ஒரு அங்குலம் ஒரு மைல்’ தாளில் ஒப்பிடுங்கள். அடுத்து மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவர நூல்), கிராமக் கணக்கின் அ-பதிவேடு (நில விவரப் பதிவேடு), பக்கத்துக் கோயில் கல்வெட்டு. கடைசியில் ஆடு மாடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், குன்றின் இரண்டு பக்கத்து ஊர்களிலும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் தப்பாகும்: மலைக்குக் கிழக்கே ஒரு பெயர், மேற்கே ஒரு பெயர் சகஜம்.

கிடைத்த பெயர் உங்கள் குன்றுக்குத்தான் உரியதா என்றும் உறுதி செய்யுங்கள். எவரெஸ்ட்டின் உள்ளூர்ப் பெயர் கௌரிசங்கர் என்று ஐம்பது ஆண்டு நம்பினார்கள். 1903இல் நில அளவையாளர் ஹென்றி வுட் நேபாளத்துக்குள் போய்ப் பார்த்தபோது, அது 7,134 மீட்டர் உயரமுள்ள வேறொரு மலை.