தண்டையார்பேட்டையில் எங்கள் தெருநாய் ஈன்ற குட்டிக்கு மூன்று வாரம்தான் ஆகிறது, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறது. வயிற்றில் புழு எப்படி வந்தது?

தாயிடமிருந்துதான். டாக்சோகாரா கேனிஸ் என்ற உருளைப்புழுவின் இளம்புழுக்கள் பெட்டை நாயின் தசையில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். நாய் சினையானதும் அவை விழித்து, நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் போய்விடும். கொஞ்சம் பாலிலும் வரும். அப்புறம் ஈரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, திரும்ப விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வளரும். வாந்தியில் வெந்த சேமியா போல வருவது அதுதான்.

மலத்தோடு வரும் புது முட்டை உடனே தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவப்பட வேண்டும். சந்தில் பிள்ளைகள் மண்ணில் விளையாடுவார்கள் இல்லையா, அதனால் நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

பூச்சிமருந்தை 2 வார வயதிலேயே தொடங்கியிருக்கலாம். சரி, இப்போதே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போங்கள். எடை பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். தாய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.